நாலு பேர் ஏறும் வண்டி

2021-ம் வருஷத்துக் கோடையை நம்மில் எவரும் எளிதில் மறந்துவிட முடியாது. கொரோனாத் தொற்றின் இரண்டாவது அலை தேசமெங்கும் வீசிய அந்த மாதங்களில், அதுவரை ஆஸ்பத்திரிகளில் மட்டுமே காணப்பட்ட ஒரு சிறு கருவி குடும்பங்களுக்குள் வந்து புகுந்தது. துணி உலர்த்தும்போது கொடியில் மாட்டுகிறோமே, அந்தக் கிளிப்பைப் போன்ற உருவம். விரலை உள்ளே வைத்தால் சிவப்பு வெளிச்சம் மினுக்கும். சற்று நேரத்தில் ஓர் எண் தோன்றும். 98 என்றால் வீட்டார் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். 93 என்றால் வண்டி தேடி ஓடுவார்கள். எழுத்து வாசனை அறியாத பாட்டிமார்கள்கூட, "எனக்கு எத்தனை காட்டுகிறது?" என்று கேட்கப் பழகிக்கொண்டார்கள்.

எங்கள் தெருவிலும் ஒரு வீட்டில் இந்தக் கருவியை வாங்கினார்கள். காலையிலும் மாலையிலும் மாமனார், மாமியார், கணவர், குழந்தைகள் ஆகிய எல்லோருடைய விரலிலும் அதை மாட்டி, எண்களைக் காலண்டரின் ஓரத்தில் குறித்து வைத்தவர் அந்த வீட்டு அம்மாள். நாற்பது வயதுக்குச் சற்று மேற்பட்டவர். எல்லோருக்கும் பார்த்து முடித்த பிறகு, கடைசியாகத் தம்முடைய விரலையும் வைத்துப் பார்ப்பார். வீட்டிலேயே அதிகமான எண் அவருடையதுதான்: 99. "பள்ளிக்கூடத்தில் வாங்காத மார்க்கை இதிலாவது வாங்கினேனே" என்று அவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

ஆனால், இந்த 99 மார்க் அம்மாள் மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்து விடுவார். மாலை நேரத்தில் காதில் ஏதோ இரைச்சல் கேட்பதாகச் சொல்வார். "வயதாகிறதல்லவா?" என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொள்வார். தொற்றெல்லாம் ஓய்ந்த பிறகு, மாமியாரை வைத்தியரிடம் அழைத்துச் சென்ற இடத்தில், அந்த வைத்தியர் நோயாளியை விட்டுவிட்டு, அழைத்து வந்த மருமகளின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். உடனே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஹிமோகுளோபின் 7 கிராம் என்று முடிவு வந்தது. இருக்க வேண்டியதில் ஏறக்குறையப் பாதி!

அப்படியானால் விரலில் மாட்டிய கருவி பொய் சொல்லிற்றா? இல்லை. அது உண்மையைத்தான் சொல்லிற்று. ஆனால் நாம் நினைத்த கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை. எந்தக் கேள்விக்கு அது பதில் சொல்கிறது என்பதை அறிய வேண்டுமானால், நம்முடைய ரத்தத்தில் பிராணவாயு எப்படிப் பிரயாணம் செய்கிறது என்பதைச் சற்று விவரமாகப் பார்க்க வேண்டும்.

சும்மா உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு நிமிஷத்துக்கு ஏறக்குறைய 250 மில்லிலிட்டர் பிராணவாயு தேவை. இருதயம் நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. ரத்தத்தின் பெரும் பகுதி தண்ணீர்தானே, அதில் பிராணவாயு கரைந்து போகலாமே என்று தோன்றும். கரைகிறது, ஆனால் எவ்வளவு? ஒரு லிட்டர் ரத்தத்தின் நீரில் சுமார் 3 மில்லிலிட்டர் மாத்திரம். 5 லிட்டருக்கு 15. தேவையோ 250. வெறும் தண்ணீரை நம்பி நாம் உயிர் வாழ வேண்டுமானால் இருதயம் நிமிஷத்துக்கு 80 லிட்டருக்கு மேல் இறைத்தாக வேண்டும். கவலை கட்டி இறைக்கும் மாடுகூட இந்த வேலைக்குச் சம்மதிக்காது.

இப்படித் தண்ணீரை நம்பியே வாழும் பிராணியும் உலகத்தில் இல்லாமல் இல்லை. தென்துருவத்தின் பனிக்கடலில் ஒருவகை மீன் இருக்கிறது. அதன் ரத்தத்தில் சிவப்பே கிடையாது. தண்ணீர் போல் தெளிந்திருக்கும். நார்வே தேசத்து விஞ்ஞானி யோஹான் ரூட் என்பவர் 1954-ல் இதை ஆராய்ந்து, அந்த ரத்தத்தில் ஹிமோகுளோபின் இல்லை என்று வெளியிட்டார். குளிர்ந்த நீரில் பிராணவாயு அதிகமாகக் கரையும். அந்த மீன் சோம்பலாக வாழ்வது. அதன் இருதயம் உடலுக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியது. ரத்தமும் மற்ற மீன்களைப் போல் பன்மடங்கு. இத்தனை வசதிகளும் சேர்ந்துதான் அதைக் காப்பாற்றுகின்றன. வெயிலில் நடந்து, மாடி ஏறி, சண்டையும் போட வேண்டிய நமக்கு அது கட்டுப்படியாகாது. நமக்கு வண்டி வேண்டும்.

அந்த வண்டிதான் ஹிமோகுளோபின். ஜெர்மானிய ரசாயன நிபுணர் ஹோப்பே-ஸைலர் 1864-ல் இந்தப் பெயரைச் சூட்டினார். இது ஒரு புரதம். நான்கு புரதச் சங்கிலிகள் ஒன்றோடொன்று சுருண்டு, பந்து போல் அமைந்திருக்கின்றன. ஒவ்வொரு சங்கிலியின் மடிப்புக்குள்ளும் ஒரு தட்டையான ரசாயன வளையம். அதன் நடுவில் ஒரே ஓர் இரும்பு அணு. அந்த இரும்புதான் ஆசனம். நான்கு இரும்பு, நான்கு ஆசனம். ஒவ்வோர் ஆசனத்திலும் ஒரு பிராணவாயு மூலக்கூறு ஏறி உட்காரலாம்.

ஒரு சிவப்பணுவுக்குள் இத்தகைய வண்டிகள் சுமார் 27 கோடி இருக்கின்றன. அதாவது ஓர் அணு ஒரே தடவையில் 100 கோடிக்கு மேற்பட்ட பிரயாணிகளைச் சுமக்க முடியும். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில், கடுகைவிடச் சிறிய ஒரு துளியில், சுமார் 50 லட்சம் சிவப்பணுக்கள். ஒவ்வொன்றும் சுமார் 120 நாள் உயிர் வாழ்ந்து, உடலை ஒன்றரை லட்சம் தடவைக்கு மேல் சுற்றி வந்து, பிறகு மண்ணீரல் முதலிய இடங்களில் உடைக்கப்படுகிறது. அதிலிருந்த இரும்பை உடல் வீணாக்குவதில்லை. பழைய வீட்டை இடித்தவன் உத்தரங்களையும் கதவுகளையும் பத்திரப்படுத்தி வைப்பதுபோல், அந்த இரும்பை எடுத்து எலும்பு மஜ்ஜையில் புதிய அணுக்கள் கட்டுவதற்கு அனுப்பி விடுகிறது. வளர்ந்த மனிதன் ஒருவனுடைய தேகத்திலுள்ள இரும்பு முழுவதும் சேர்த்து 3 அல்லது 4 கிராம்தான். ஓர் ஆணி செய்யக் காணும். அதில் மூன்றில் இரண்டு பங்கு இந்த வண்டிகளிலேயே இருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும். இரும்பும் பிராணவாயுவும் சேர்ந்தால் துருப் பிடிக்குமே! கிணற்று ராட்டினத்தையும் ஜன்னல் கம்பியையும் தினம் பார்க்கிறவர்களுக்கு இது தெரியாததல்ல. துருப் பிடித்த இரும்பு பிராணவாயுவை ஒருநாளும் திருப்பிக் கொடுக்காது. ஆனால் ரத்தத்தின் இரும்போ, நுரையீரலில் வாங்கியதைச் சில விநாடிகளுக்குள் தசையில் இறக்கிவிட்டு, வெறுங்கையாக மறுபடியும் வந்து நிற்கிறது. காரணம், அந்த வளையமும் இரும்பும் புரதத்தின் மடிப்புக்குள் பத்திரமாகப் பொதிந்திருப்பதுதான். அந்தப் பொந்துக்குள் தண்ணீர் எளிதில் புகாது. ஓர் இரும்பு இன்னோர் இரும்பை நெருங்காது. ஆகவே பிராணவாயு அங்கே வந்து தங்குகிறதே தவிர, இரும்பைத் தின்றுவிடுவதில்லை. சிற்சில இடங்களில் தவறிப்போய்த் துரு ஏறத்தான் செய்கிறது. அவற்றைச் சரிப்படுத்துவதற்கும் சிவப்பணுவுக்குள் ஏற்பாடு இருக்கிறது.

பிராணவாயு ஏறியவுடன் ரத்தம் செக்கச் செவேலென்று ஆகும். இறங்கியபின் கறுத்த சிவப்பாக மாறும். கையிலே நீலமாகத் தெரியும் நரம்புகளில் நீல ரத்தம் ஓடுவதாகப் பலர் எண்ணுகிறார்கள். அது தோல் செய்யும் மாயம். உள்ளே இருப்பது கறுஞ்சிவப்புத்தான். இந்த நிற வித்தியாசத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அது உதவிக்கு வரும்.

* * *

சுமப்பது பெரிய காரியமல்ல. சுமந்ததைச் சரியான இடத்தில் இறக்குவதுதான் பெரிய காரியம். இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்த பணம் கடைத்தெருவில் செல்லுபடியாகுமா? பிராணவாயுவை இறுகப் பிடித்துக்கொண்டு விடாத வண்டி, நுரையீரலில் நிரம்பியதோடு சரி. உடலுக்கு ஒரு பிரயோஜனமும் இராது. தளர்வாகப் பிடிக்கும் வண்டியோ, நுரையீரலிலேயே பாதி காலியாகக் கிளம்பிவிடும். ஏறும் இடத்தில் ஆசையோடு ஏற்றிக்கொள்ள வேண்டும். இறங்கும் இடத்தில் தாராளமாக இறக்கிவிட வேண்டும். ஒரே பொருள் இரண்டு குணங்களையும் எப்படிப் பெறும்?

நான்கு ஆசனங்கள் இருப்பதன் ரகசியம் இதில்தான் இருக்கிறது. காலியான வண்டியில் முதல் பிரயாணி ஏறுவது சிரமம். கதவு இறுகிக் கிடக்கும். எப்படியோ அவர் ஏறிவிட்டால் மற்றக் கதவுகள் தளர்ந்து கொடுக்கின்றன. நான்காம் பிரயாணி வெகு சுலபமாக ஏறிவிடுவார். இறங்கும்போதும் அப்படியே, ஒருவர் இறங்கினால் மற்றவர்களும் இறங்க மனம் கொள்வார்கள். ஆகவே, பிராணவாயு மிகுந்த நுரையீரலில் 100-க்கு 97, 98 ஆசனங்கள் நிரம்பி விடுகின்றன. சும்மா இருக்கும் உடலைச் சுற்றி வந்தபின் 75 ஆசனங்கள் நிரம்பியிருக்கின்றன. அதாவது கால் பங்கு மட்டுமே இறங்குகிறது, மீதி கையிருப்பு. மூட்டை தூக்குபவனின் தசையிலோ, பிராணவாயுவின் அழுத்தம் மிகவும் குறைந்த இடத்தில், மூன்றில் இரண்டு பங்கு இறங்கி விடுகிறது. தசைகளுக்குள்ளே மயோகுளோபின் என்ற ஒற்றை ஆசன வண்டி ஒன்று உண்டு. அதே குறைந்த அழுத்தத்தில் அது 10-க்கு ஏறக்குறைய 9 பங்கு நிரம்பியபடியே இருக்கும்! ரத்தத்தில் ஓடுவது அந்த வண்டியாக இருந்தால், உழைக்கும் தசை வாசலில் பிராணவாயு நிற்கும்போதே மூச்சு முட்டிப் போகும்.

இன்னொரு விசேஷம். 1904-ல் கோபன்ஹேகன் நகரில் கிறிஸ்டியன் போர் என்னும் பேராசிரியர், ஹாஸ்ஸெல்பால்க், க்ரோக் என்ற தம் சகாக்களுடன் செய்த சோதனையில், கரியமிலவாயு கூடினால் ரத்தம் பிராணவாயுவை விட்டுக்கொடுக்கிறது என்று கண்டார். (அணுவின் அமைப்பை விளக்கிப் புகழ் பெற்ற நீல்ஸ் போர் இவருடைய குமாரர்.) எந்தத் தசை அதிகமாக உழைக்கிறதோ, அதுவே அதிகமான கரியமிலவாயுவையும் புளிப்பையும் சூட்டையும் உண்டாக்குகிறது. இந்த மூன்றும் வண்டியின் பிடியைத் தளர்த்துகின்றன. மனு எழுதிப் போட்டு, சிபார்சு பிடித்து, குமாஸ்தாவின் மேஜையில் காத்துக் கிடக்க வேண்டிய அவசியமே இல்லை. உழைக்கிறவன் வீட்டு வாசலில் பங்கு தானாகவே வந்து இறங்குகிறது. மனிதர்கள் நடத்தும் ராஜாங்கங்கள் எதிலும் இத்தகைய ஏற்பாட்டை நாம் கண்டதில்லை.

கதவு இறுகுவதும் தளர்வதும் வெறும் உவமை என்று நினைக்க வேண்டாம். அதைக் கண்ணால் கண்டவர்கள் உண்டு. 1938-ல் பிராக் நகரில் ஃபெலிக்ஸ் ஹௌரோவிட்ஸ் என்ற விஞ்ஞானி, பிராணவாயு ஏறிய ஹிமோகுளோபினின் செந்நிறப் படிகங்களைக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தார். சில வாரங்கள் கழித்துப் பார்த்தால், உள்ளே புகுந்திருந்த கிருமிகள் பிராணவாயுவைத் தின்று தீர்த்திருந்தன. ஊசி போன்ற செந்நிறப் படிகங்கள் மறைந்து, அறுகோண வடிவமான ஊதா நிறத் தகடுகள் இருந்தன. அவற்றைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்தார். ஓரத்திலிருந்து காற்றுப் புகுந்ததும் தகடுகள் அவர் கண்ணெதிரிலேயே கரைந்து, மறுபடியும் செந்நிற ஊசிகள் முளைத்தன. பிராணவாயு ஏறினால் வண்டியின் உருவமே மாறுகிறது என்பதற்கு இதைவிட வேறு ருசு வேண்டுமா?

எப்படி மாறுகிறது என்பதைக் கண்டுபிடிக்க ஒருவருடைய ஆயுட்காலத்தில் பெரும் பகுதி சென்றது. வியன்னாவில் 1914-ல் பிறந்த மாக்ஸ் பெரூட்ஸ், இருபத்திரண்டு வயதில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்கு வந்தார். ஹௌரோவிட்ஸ் அவருக்கு உறவினர். 1937-ல் பிராக் நகருக்குச் சென்று அவரைக் கண்ட பிறகு, ஹிமோகுளோபினையே தம் ஆராய்ச்சிக்கு உரிய பொருளாகக் கொண்டார். படிகத்தின் மேல் எக்ஸ்ரே கதிர்களைச் செலுத்தி, அவை சிதறி விழும் புள்ளிகளைப் படம் பிடித்து, அந்தப் புள்ளிகளிலிருந்து அணுக்களின் இருப்பிடத்தைக் கணக்கிட வேண்டும். பத்தாயிரம் அணுக்கள் வரையில் அடங்கிய ஒரு புரதத்துக்கு இந்த வேலை ஆகுமா என்று அக்காலத்தில் அநேகர் ஐயுற்றார்கள்.

இதற்கிடையில் யுத்தம் மூண்டது. ஹிட்லரின் ஆட்சியில் இவருக்கு இடமில்லை, யூத வமிசத்தவர். அடைக்கலம் தந்த பிரிட்டிஷ் சர்க்காரோ, ஆஸ்திரியாவில் பிறந்தவர் என்ற ஒரே காரணத்துக்காக 1940-ல் இவரையும் எதிரிப் பிரஜையென்று பிடித்துக் காவலில் வைத்து, கப்பலேற்றிக் கானடாவுக்கு அனுப்பிவிட்டது! விசாரணையில்லாத காவலைப் பற்றி நம் தேசத்தாருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1941-ல் பெரூட்ஸ் விடுதலையாகித் திரும்பினார். விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். 1953-ல், புரதத்தில் பாதரசம் போன்ற கனமான அணுக்களைச் சேர்த்து, சேர்க்காத படிகத்தின் படத்தோடு ஒப்பிட்டால் கணக்கு விடுபடும் என்று கண்டார். 1959-ல், ஆரம்பித்து 22 வருஷங்களுக்குப் பிறகு, ஹிமோகுளோபினின் உருவம் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. 1962-ல், மயோகுளோபினை ஆராய்ந்த ஜான் கெண்ட்ரூவுடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்.

பரிசு பெற்றவர் ஓய்ந்து உட்காரவில்லை. உருவம் தெரிந்ததே தவிர, கதவு திறக்கும் விதம் தெரியவில்லை அல்லவா? 1970-ல் அதையும் வெளியிட்டார். பிராணவாயு ஏறாதபோது இரும்பு அணு வளையத்தின் தளத்திலிருந்து சற்றே துருத்திக்கொண்டிருக்கிறது. பிராணவாயு வந்து பற்றியவுடன் அது வளையத்துக்குள் இழுக்கப்படுகிறது. எவ்வளவு தூரம்? ஒரு மில்லிமீட்டரை இரண்டரைக் கோடிக் கூறாக்கினால் அதில் ஒரு கூறு, ஏறக்குறைய. இந்த அற்ப அசைவு, இரும்போடு பிணைந்த புரதச் சங்கிலியை இழுக்கிறது. சங்கிலி பக்கத்துச் சங்கிலியை நெருக்குகிறது. கடைசியில் வண்டியின் ஒரு பாதி மற்றப் பாதியின் மேல் 15 பாகை திரும்பிவிடுகிறது. அதனால் மற்ற ஆசனங்களின் இறுக்கம் நீங்குகிறது. நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் இந்தத் திருகல் கோடானுகோடி தடவை நடக்கிறது.

கர்ப்பத்திலுள்ள சிசுவின் விஷயத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அதற்கு மூச்சு கிடையாது. தாயின் ரத்தத்திலிருந்துதான் பிராணவாயுவைப் பெற வேண்டும். இருவர் வண்டியும் ஒரே மாதிரியாக இருந்தால் தாயின் வண்டி ஏன் இறக்கிக் கொடுக்கப்போகிறது? ஆகவே சிசுவின் ஹிமோகுளோபின் வேறு விதமானது. பிராணவாயுவைத் தாயினுடையதைவிட அதிக இறுக்கமாகப் பிடிப்பது. தாயின் வண்டி இறக்குகிற இடத்தில் சேயின் வண்டி ஏற்றிக்கொள்கிறது. பிறந்து ஆறு மாதங்களுக்குள் அந்த வண்டிகள் பெரும்பாலும் மறைந்து, பெரியவர்களின் வண்டிகள் வந்துவிடும்.

* * *

இனி விரலில் மாட்டும் கருவிக்கு வருவோம். ஜப்பானில், தோக்கியோ நகரத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த டக்குவோ அவோயாகி என்ற பொறியியல் நிபுணர், ரத்தத்தில் சாயம் கலந்து, காதின் வழியே வெளிச்சத்தைச் செலுத்தி, இருதயம் இறைக்கும் அளவைக் கணிக்க முயன்றுகொண்டிருந்தார். நாடித் துடிப்பு அவருடைய கணக்கை ஓயாமல் கலைத்தது. அந்தத் தொல்லையை ஒழிக்கப் பார்த்தவருக்கு, தொல்லையே விடை என்று தோன்றியது! துடிக்கிற பகுதி தமனி ரத்தம். துடிக்காதது தோலும் சதையும் எலும்பும். துடிப்பை மட்டும் தனியே பிரித்தெடுத்து, செந்நிற ஒளியையும் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியையும் அது எவ்வளவு விழுங்குகிறது என்று பார்த்தால், அந்த ரத்தம் செக்கச் சிவந்ததா, கறுஞ்சிவப்பா என்று தெரிந்துவிடும். 1974-ல் இதை அவர் தம் நாட்டில் வெளியிட்டார். 2020 ஏப்ரலில், உலகம் முழுவதும் அவருடைய கருவியைத் தேடி அலைந்த சமயத்தில், காலமானார்.

ஆக, அந்தக் கருவி எண்ணுவது நிறத்தின் விகிதம். ஓடுகிற வண்டிகளில் நூற்றுக்கு எத்தனை ஆசனங்கள் நிரம்பியிருக்கின்றன என்பதே அது சொல்லும் சேதி. எத்தனை வண்டிகள் ஓடுகின்றன என்பதை அது சொல்லாது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு கிராம் ஹிமோகுளோபின் சுமக்கக் கூடியது 1.34 மில்லிலிட்டர் பிராணவாயு. 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 14 கிராம் உள்ள ஒருவருக்குக் காய்ச்சல் கண்டு, கருவி 90 காட்டுகிறதென்று வைத்துக்கொள்வோம். அவர் ரத்தம் சுமப்பது ஏறக்குறைய 17 மில்லிலிட்டர். நம் தெரு அம்மாளுக்கு 7 கிராம், கருவி 99. அவர் ரத்தம் சுமப்பது 9 மில்லிலிட்டருக்குச் சற்று அதிகம். 90 காட்டியவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அது சரியான காரியந்தான், அவருடைய நுரையீரல் ஆபத்தில் இருக்கிறது. ஆனால் அவரிலும் பாதியளவே பிராணவாயு சுமக்கும் ரத்தத்தோடு, 99 என்று சிரித்துக்கொண்டே ஒருத்தி அவருக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருக்கிறாள்.

அவள் எப்படி நடமாடுகிறாள் என்று கேட்பீர்கள். ரத்தம் மெல்ல மெல்லக் குறைந்தால் உடல் அதற்கு ஈடு கட்டிக்கொள்கிறது. இருதயம் வேகமாக அடிக்கும். சிவப்பணுவுக்குள் இருக்கும் ஒரு பாஸ்பரஸ் கூட்டுப்பொருள் அதிகமாகி, வண்டிகளின் பிடியை இன்னும் தளர்த்தி, கையிருப்பாக இருந்த பிராணவாயுவையும் இறக்க வைக்கும். பணக் கஷ்டத்தை வெளியே காட்டாமல் குடும்பம் நடத்துகிற கெட்டிக்கார இல்லாளைப் போல் உடலும் வருஷக்கணக்கில் சமாளிக்கிறது. நோய் மறைந்து கிடப்பதற்கு இந்தச் சாமர்த்தியமே காரணமாகி விடுகிறது.

கருவி ஏமாறும் இடங்கள் இன்னும் உண்டு. உதகமண்டலம் போன்ற குளிர்ப் பிரதேசங்களில், கதவு ஜன்னல்களை அடைத்துவிட்டுக் கரி அடுப்பை உள்ளே வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழுந்திராமற் போனதைப் பத்திரிகைகளில் படிக்கிறோம். அரைகுறையாக எரியும் கரியிலிருந்து கார்பன் மானாக்ஸைடு என்ற வாயு எழுகிறது, நிறமில்லை, மணமில்லை. பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேற்பட்ட உறுதியுடன் அது இரும்பைப் பற்றிக்கொள்ளும். ஏறிய ஆசனத்தை விட்டு இறங்காது. பக்கத்து ஆசனக்காரரையும் இறங்க விடாது. அந்த ரத்தமும் செக்கச் சிவந்தே இருக்குமாதலால், மரண வாயிலில் உள்ளவருக்கும் கருவி 98 என்றே காட்டக் கூடும். மேலும், கறுத்த தோல் உள்ளவர்களுக்கு இது உண்மையைவிடச் சற்று உயர்த்திச் சொல்வதுண்டு என்று 2020-ல் அமெரிக்க வைத்தியர்கள் புள்ளிவிவரங்களுடன் எழுதினார்கள். வெள்ளை விரல்களை அளவாக வைத்துச் செய்த கருவியை நம் விரல்களில் மாட்டும்போது இதையும் மனத்தில் கொள்வது நல்லது.

வண்டிகள் ஏன் குறைகின்றன? இரும்பு போதாமை முதற் காரணம். மாதந்தோறும் ரத்தம் போகிறது. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்துடன் சுமார் அரை மில்லிகிராம் இரும்பும் போகிறது. ஒரு கர்ப்பத்துக்கு ஏறக்குறைய ஒரு கிராம் இரும்பு கூடுதலாக வேண்டும். செருப்பில்லாமல் வயலில் நடப்பவர்களின் குடலில் கொக்கிப் புழுக்கள் சேர்ந்து ரத்தத்தை உறிஞ்சுவதும் உண்டு. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடல் சிறிதளவே ஏற்கிறது. சாப்பாட்டோடு காப்பியும் தேயிலையும் குடித்தால் அதிலும் குறைகிறது. எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் கூடுகிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் அனைவரும் உண்ட பிறகு பாத்திரத்தின் அடியில் மிஞ்சியதை உண்பவள் யார் என்று பார்த்தால் பாதிக் காரணம் தெரிந்துவிடும் என்பது என் அபிப்பிராயம். 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்த சோகை இருந்தது. ஆண்களில் 25 பேர். தமிழ்நாட்டுப் பெண்களில் 53 பேருக்கு மேல். அதற்கு முந்திய 2015-16 ஆய்வில் இந்தியப் பெண்களின் கணக்கு 53. குறைய வேண்டியது கூடியிருக்கிறது.

இரும்பு மட்டும் போதாது என்பதை உலகத்துக்குக் காட்டியது நம் நாட்டுப் பெண்களின் ரத்தமே. 1928-ல் லூஸி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் வைத்தியர் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளிடையே கொடிய ரத்த சோகை ஒன்று பரவியிருந்தது. சிவப்பணுக்கள் அளவில் பெருத்து, எண்ணிக்கையில் குறைந்து காணப்பட்டன. பம்பாயிலும், குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலுமாக அவர் ஆராய்ந்தார். ஈஸ்ட் என்ற காடியிலிருந்து செய்த, கடையில் மலிவாகக் கிடைக்கும் மார்மைட் என்ற சத்து இந்த நோயைக் குணப்படுத்துகிறது என்று 1931-ல் வெளியிட்டார். அந்தச் சத்துக்குள் இருந்த பொருளே பின்னர் போலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. பசலை இனத்துக் கீரையிலிருந்து 1941-ல் அதைப் பிரித்ததால், இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. அதைச் செயற்கையாகச் செய்து மாத்திரையாக்கும் வழியை 1945-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்த குழுவுக்குத் தலைமை வகித்தவர் யெல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்த ஆந்திரர், சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். காந்தியடிகளின் சொல்லை ஏற்றுக் கதராடையோடு கல்லூரிக்குப் போனதால் ஆங்கிலப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, மேலான பட்டம் மறுக்கப்பட்டு, குறைந்த பட்டத்துடன் வெளியேறியவர். சென்னை அவருக்குத் தராத பட்டத்தைப் பற்றி இன்று எவருக்கும் அக்கறை இல்லை. கர்ப்பிணிகளுக்குச் சுகாதார நிலையங்களில் தினம் ஒன்றாக 180 நாட்களுக்குக் கொடுக்கிறார்களே, அந்த மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்போடு அவருடைய குழு செய்து காட்டிய போலிக் அமிலமும் அரை மில்லிகிராம் இருக்கிறது.

எங்கள் தெரு அம்மாளுக்கு வைத்தியர் அதே வகை மாத்திரையைக் கொடுத்தார். முதல் வாரம் வயிற்றைப் புரட்டியது. மலம் கறுத்தது கண்டு பயந்து நிறுத்திவிட்டார். இரும்பு உள்ளே போனால் அப்படித்தான் ஆகும் என்று வைத்தியர் சிரித்துச் சொன்ன பிறகு மறுபடியும் ஆரம்பித்தார். சாப்பாடு முடிந்தவுடன் குடிக்கும் காப்பியை ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டார். அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்ததாம். மூன்று மாதத்தில் 7 கிராம் என்பது பத்தரையாயிற்று. மாடிப்படியில் இப்போது உட்காருவதில்லை.

அடுத்த தடவை ரத்தம் கொடுக்கப் போனபோது பதினாறு வயது மகளையும் உடன் அழைத்துச் சென்றார். அந்தப் பெண்ணுக்கும் விரலில் 99, ரத்தத்தில் 9.